காபன் பைபரில் கழியொலித் தலையால் துளையிட எந்தக் கூலன்ட்?

கேள்வி இது: திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் ஒரு பைபர் வள்ளப் பட்டறை. கணினியால் இயங்கும் சி.என்.சி. மில்லிங் மெசினில் 20 கிலோஹேட்ஸ் கழியொலிச் சுழல் தலை, அதாவது பிட்டைச் சுழற்றிக்கொண்டே காதுக்குக் கேட்காத வேகத்தில் மேலும் கீழும் அதிரவைக்கும் தலை, பூட்டியிருக்கிறது. காபன் நாரை எபொக்சிப் பிசினில் இறுக்கிய 8 மில்லிமீற்றர் தடிப்பான காபன் பைபர் தகட்டில், வைரத்துகள் பதித்த குழாய்ப் பிட்டால் 10 மில்லிமீற்றர் துளைகள் போடவேண்டும். கிணற்றுத் தண்ணீர் போதுமா, லேத் பட்டறைச் சொலுபிள் ஒயில் வேண்டுமா, காற்று மட்டும் ஊதினால் சரிவருமா, பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்வதுபோல மண்ணெண்ணெயா? இப்போது துளைச்சுவர் கருகுகிறது, அடிப்பக்க அடுக்கும் பிய்ந்து வருகிறது.

முதலில் விடை. பெரும்பாலான துளைகளுக்கு உப்புக் குறைந்த தண்ணீரில் 4 அல்லது 5 வீதம் கலந்த, நுரை குறைந்த, எண்ணெயில்லாத சிந்தெற்றிக் கூலன்ட். அதைப் பிட்டின் உள்துளை வழியே 2 முதல் 3 பார் அமுக்கத்தில் விடுங்கள். நுரை அல்லது தேன்கூட்டு நடுவம் கொண்ட சான்ட்விச் தகடுகளுக்கு மட்டும் உலர்ந்த குளிர்காற்றும் தூசி உறிஞ்சியும். மண்ணெண்ணெய், கடல்நீர், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றும் வேண்டாம்.

கூலன்ட் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் சூட்டைத்தான் நினைக்கிறார்கள். இந்த வேலையில் அதன் முதல் கடமை தூளை வெளியேற்றுவது. கணக்குப் போட்டால் தெரியும். 10 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 7 மில்லிமீற்றர் உள்விட்டமும் உள்ள பிட் 8 மில்லிமீற்றர் தகட்டில் அரைத்தெடுப்பது ஏறத்தாழ 320 கன மில்லிமீற்றர், அதாவது துளைக்கு அரைக் கிராம் தூள். அது முழுவதும் பிட்டின் சுவருக்கும் துளைச்சுவருக்கும் இடையிலுள்ள தலைமயிர்த் தடிப்பு இடைவெளியால்தான் மேலே வரவேண்டும். வராவிட்டால் அங்கேயே திரும்பத் திரும்ப அரைபடும், உராய்வு கூடும், எபொக்சி இளகி வைரத்துகள்களுக்கு இடையில் அப்பிக்கொள்ளும். அதன்பின் வைரம் வெட்டாது, தேய்க்கும். நீங்கள் காணும் கருகல் அநேகமாக இந்த வழியில் வந்ததுதான்.

சூட்டின் கணக்கையும் பாருங்கள். வெட்டும் இடத்தில் 150 வாற்று வெப்பம் உண்டாகிறதென்று வைப்போம். நிமிடத்துக்கு 2 லீற்றர் தண்ணீர் ஓடினால் அந்த வெப்பம் முழுவதையும் எடுத்தும் தண்ணீர் ஒரு பாகைதான் சூடேறும். ஆகவே தாங்கித் தண்ணீர் 30 பாகையில் இருந்தாலும் 35 பாகையில் இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை, ஐஸ் கட்டி போட்டுக் குளிராக்கவும் தேவையில்லை. ஓட்டம் வெட்டுமுனையை உண்மையில் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி. வெளியிலிருந்து குழாயால் தகட்டின்மேல் ஊற்றும் தண்ணீர் முதல் 2 மில்லிமீற்றர் ஆழம் வரைக்குந்தான் உதவும். அதற்குப் பிறகு மேலேறும் தூளை அது கீழே தள்ளி நிற்கும். உங்கள் தலையில் உள்வழிக் கூலன்ட் இணைப்பு இருந்தும் பூட்டாமல் வைத்திருந்தால், கூலன்ட் வகையை மாற்றுவதற்கு முன் அதைப் பூட்டுங்கள். பிட் வாங்கும்போதும் வெட்டுமுகத்தில் இரண்டு அல்லது நான்கு வெட்டுக்காடிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காடி இல்லாத முழுவளைய முகத்தில் திரவம் கடக்க வழி மிகக் குறைவு.

எபொக்சி எவ்வளவு சூடு தாங்கும் என்பது வள்ளப் பட்டறைக்காரர் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது. 180 பாகையில் அவித்த விமானத்தரத் தகடு அந்த அளவை அண்டியே இளகும். அறை வெப்பநிலையில் கையால் பூசி இறுகவிட்ட எபொக்சி பெரும்பாலும் 50 முதல் 70 பாகைக்குள் இளகத் தொடங்கிவிடும், ஈரம் உறிஞ்சிய தகடானால் இன்னும் கீழே. கச்சான் வீசும் மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த தகடு 40 பாகையில்தான் மெசினுக்கு ஏறும். மிச்சம் இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். விமானத் தகட்டுக்கு எழுதிய வேகங்களை அப்படியே எடுத்துப் போட்டால் கருகாமல் என்ன செய்யும்?

தண்ணீர் ஏன் காற்றைவிட நல்லது என்பதற்கு இன்னொரு காரணம் கழியொலியோடு சேர்ந்தது. வினாடிக்கு 20,000 தடவை 10 மைக்குரோமீற்றர் அளவு வீச்சத்தில் மேலும் கீழும் அதிரும் முனைக்கும் தகட்டுக்கும் இடையில் திரவம் இருந்தால், அதில் நுண்கொப்புளங்கள் உண்டாகி உடைகின்றன. அந்த உடைவு வைரத்துகள்களில் ஒட்டிய பிசினைக் கழற்றிவிடுகிறது. நகைக்கடையில் மோதிரம் கழுவும் கழியொலித் தொட்டி செய்கிற அதே வேலை. காற்றில் இது நடக்காது. அதனால்தான் காற்றோடு வேலை செய்யும் பிட்டுக்கு அடிக்கடி சாணை காட்டவேண்டி வருகிறது.

இனி எந்தத் தண்ணீர் என்பதற்கு வருவோம். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகப் போகும் ஆழமில்லாத கிணறுகளில் உவர்ப்பும் வன்மையும் இடத்துக்கு இடம் மாறும், மழைக்கும் வெயிலுக்கும் மாறும். வாயில் உப்புத் தெரியாத தண்ணீரிலும் மெசினைக் கெடுக்கப் போதுமான குளோரைட்டு இருக்கலாம். அது உருக்குப் பாகங்களைத் துருவேற்றும். அதைவிட மோசம், காபன் நார் மின்னைக் கடத்தும். அலுமினியக் கிளாம்பு, காபன் தகடு, உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம், தின்னப்படுவது அலுமினியம். வன்மை கூடிய தண்ணீர் கூலன்ட்டோடு சேர்ந்து சவர்க்கார அழுக்குப்போல் திரைந்து, வடியையும் பிட்டின் உள்துளையையும் அடைக்கும்.

கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கரையோரக் கிணற்றைவிட நல்ல தொடக்கம். வாடைக்கால மழையை, கூரையின் முதல் கால் மணிநேர ஓட்டத்தைக் கழித்துவிட்டுப் பிடித்துவைத்தால் அது இன்னும் நல்லது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரும் உப்பில்லாததுதான், ஆனால் பாசியும் கிருமியும் ஏறியிருக்கும். தினமும் புதிதாகப் பிடித்துப் பாவிக்கலாம், வாரக்கணக்காகச் சேர்த்துவைத்து ஊற்றவேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மானி ஒன்று பெரிய செலவில்லை. 150 பி.பி.எம். இற்குக் கீழே காட்டும் தண்ணீரை எடுங்கள், 300ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

லேத் பட்டறையில் பால்போல் கரையும் சொலுபிள் ஒயில் காபன் பைபருக்கு ஆகாது என்று சொல்லமாட்டேன், ஆனால் விரும்பத்தக்கதில்லை. அதிலுள்ள எண்ணெய் துளைச்சுவரின் நார் முனைகளுக்குள் இறங்கும். பிறகு அங்கே புஷ் ஒட்டவோ பெயின்ற் அடிக்கவோ போனால் பிடிக்காது. தூளும் எண்ணெயும் சேர்ந்து கிறீஸ் மாதிரி ஒரு கறுப்புக் களி உண்டாகும், வடியில் அது தண்ணீர்போல் இறங்காது. எண்ணெயே இல்லாத சிந்தெற்றிக் வகை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், தூள் அடியில் இறங்கும், கழுவினால் போகும். வாங்கும்போது இரண்டு விடயம் கேளுங்கள்: நுரை குறைந்ததா, சிலிக்கன் கலக்காததா. கழியொலி நுரையைக் கிளப்பும், நுரை வந்தால் பம்பி காற்றை இழுத்து ஓட்டம் அறுபடும். நுரை வந்ததென்று நுரைகொல்லி ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் பல சிலிக்கன் அடிப்படை, ஒட்டுவேலைக்கும் பெயின்ருக்கும் அது நஞ்சு. நுரை வந்தால் முதலில் செறிவைப் பாருங்கள், பிறகு திரும்பிவரும் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே நின்று கொட்டுகிறதா என்று பாருங்கள். வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலே பாதி நுரை நின்றுவிடும்.

60 லீற்றர் தாங்கிக்கு 5 வீதம் என்றால் 57 லீற்றர் தண்ணீர், 3 லீற்றர் கூலன்ட். தண்ணீரை முதலில் நிரப்பி, கூலன்ட்டை மெதுவாக அதற்குள் ஊற்றிக் கலக்குங்கள். செறிவை ஒளிமுறிவுமானியால் பார்க்கலாம், ஆனால் அது காட்டும் எண்ணை அந்தக் கூலன்ட்டுக்குரிய பெருக்குக் காரணியால் பெருக்கவேண்டும். கலன் ஒட்டுச்சீட்டில் போட்டிருக்கும். இந்த ஊர் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகிக் கூலன்ட் தங்கும், ஆகவே குறைநிரப்பும்போது 5 வீதத்தில் நிரப்பினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். 1 முதல் 2 வீதக் கலவையால் நிரப்புங்கள். பி.எச். 8.5 முதல் 9.5 வரை இருக்கட்டும். 8.5 இற்குக் கீழே இறங்கினால் கிருமி வேலை தொடங்கிவிட்டது. 9.5 தாண்டினால் அலுமினியத்தில் கறை விழும், தொழிலாளியின் கைத்தோலும் வெடிக்கும். சனி ஞாயிறு மெசின் நின்று திங்கள் காலை முட்டை நாற்றம் அடித்தால் தாங்கியில் காற்றில்லாமல் கிருமி பெருகியிருக்கிறது. லீவு நாளிலும் 15 நிமிடம் பம்பியை ஓடவிட ஆள் வைத்தால் அது வராது. மூடாத தாங்கியை வெயிலில் வைத்தால் கன்னியா வெந்நீர்க் கிணறு கணக்காகச் சுடும், கிருமிக்கு அதைவிட வசதி வேறில்லை.

வடிகட்டலில் மிச்சம்பிடிக்காதீர்கள். காபன் நார் 5 முதல் 7 மைக்குரோமீற்றர் தடிப்பு. அதன் துண்டுகள், சுழலும் தலைக்குள் கூலன்ட்டைக் கொண்டுபோகும் சுழல் இணைப்பின் முகச் சீலுக்குள் புகுந்தால் சில வாரத்தில் சீல் ஒழுகும், ஒழுகிய தண்ணீர் கழியொலித் தலைக்குள் போனால் அதிர்வை உண்டாக்கும், நூற்றுக்கணக்கான வோல்ற்று ஓடும் பீங்கான் வட்டுகளில் மின்பொறி பாயும். அந்தத் தலையைத் திரும்ப வாங்கும் காசுக்கு எத்தனையோ வடி வாங்கலாம். திரும்பும் தண்ணீர் முதலில் ஒரு படிவுப் பெட்டிக்கு, அங்கிருந்து 50 மைக்குரோமீற்றர் பைவடிக்கு, பம்பிக்குப் பிறகு 5 மைக்குரோமீற்றர் உருளைவடிக்கு. வடிக்கு முன்னும் பின்னும் அமுக்கமானி வையுங்கள், வேறுபாடு 0.7 பாரைத் தாண்டினால் மாற்றுங்கள். இரும்புத் தூளுக்குப் பாவிக்கும் காந்தப் பிரிகருவி இங்கே வெறும் அலங்காரம்.

துளையிடும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். கூலன்ட்டை முதலில் திறந்து, பிட் முனையால் காற்றுக்குமிழி இல்லாமல் சீராக வரும்வரை மூன்று நான்கு வினாடி பாருங்கள். பிறகு கழியொலி, பிறகு சுழற்சி, கடைசியாகத் தொடுகை. கழியொலி மின்வழங்கியின் பரிவு மீடிறனை (தலை ஆகக்கூடுதலாக அதிரும் மீடிறனை) கூலன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது சரிசெய்யுங்கள். பிட்டின் துளைக்குள் நிற்கும் தண்ணீரும் ஒரு திணிவு, அது மீடிறனைச் சற்றுக் கீழே இழுக்கும். உலர்நிலையில் சரிசெய்துவிட்டுத் தண்ணீர் விட்டால் பரிவு தப்பி வீச்சம் விழும், பிட் வெறும் அரைக்கல்லாகிவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று, வினாடிக்கு 0.3 மில்லிமீற்றர் ஊட்டம் (பிட் இறங்கும் வேகம்) என்று தொடங்கலாம். 8 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ அரை நிமிடத்தில் முடியும்.

வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பிட் வெட்டுகிறபோது அது சாம்பல் கறுப்பாக வரவேண்டும். பிட் இறங்கிக்கொண்டிருக்கத் தண்ணீர் தெளிவாக வந்தால் அது வெட்டுமுனையைத் தொடாமல் வேறு வழியால் ஒழுகுகிறது. தண்ணீர் குறைந்து அமுக்கமானி ஏறினால், முந்திய துளையின் நடுத்துண்டு பிட்டுக்குள் சிக்கியிருக்கிறது. அந்த 7 மில்லிமீற்றர்த் துண்டு ஒவ்வொரு துளைக்குப் பிறகும் விழுந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடங்குங்கள். கருகிய துளைகளில் ஒரு நல்ல பங்கு சிக்கிய துண்டுக்கு அடுத்த துளையாகத்தான் இருக்கும்.

அடிப்பக்கம் பிய்வதற்குக் கூலன்ட்டும் ஒரு பங்காளி, இதை அநேகர் யோசிப்பதில்லை. உள்வழியில் 4 பார் அமுக்கம் கொடுத்தால் 7 மில்லிமீற்றர் விட்டத்தில் அது தனியே 15 நியூற்றன் உதைப்பு. கடைசி ஓரிரு அடுக்கு மிச்சமாக நிற்கும்போது பிட்டின் உதைப்போடு இதுவும் சேரும், பிளவு ஒன்று திறந்துவிட்டால் தண்ணீர் ஆப்பு மாதிரி அதற்குள் இறங்கி இன்னும் விரிக்கும். கடைசி 1 மில்லிமீற்றரில் அமுக்கத்தை 1 பாருக்கு இறக்கி, ஊட்டத்தை வினாடிக்கு 0.1 மில்லிமீற்றராகக் குறையுங்கள். அடியில் தாங்குபலகை கட்டாயம் வேண்டும். ஆனால் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகை தண்ணீரில் ஊதி நடுவில் மேடாகும், ஓரத்தில் தகடு தொங்கும். 3 மில்லிமீற்றர் பேக்கலைட்டோ கண்ணாடிநார்த் தகடோ போட்டு இறுக்குங்கள். இரண்டுக்குமிடையில் காகிதம் நுழையும் இடைவெளி இருந்தாலும் தாங்குபலகை இருந்தும் இல்லாதது போலத்தான்.

தண்ணீர் பட்டால் தகடு ஈரம் உறிஞ்சிக் கெட்டுப்போகும் என்ற பயம் பாதி சரி. எபொக்சிக்குள் ஈரம் ஊறுவது மிக மெதுவாக நடக்கும். பத்து நிமிட நனைவில் அது மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போகாது. ஆனால் பிரிந்த அடுக்குக்குள்ளும் அறுபட்ட நார் முனைகளின் ஓரத்திலும் மயிர்த்துளைபோல் உள்ளிழுபடும். ஆகவே துளை முடிந்தவுடன் நல்ல தண்ணீரால் கழுவி, காற்றூதி, பிறகு உலர்த்துங்கள். விமானத்தரத் தகட்டை 60 பாகையில் இரண்டு மணிநேரம். கையால் பூசிய தகட்டை 45 பாகைக்கு மேலே ஏற்றாமல் அதற்கு இருமடங்கு நேரம். ஒட்டப்போகும் துளையை ஐசோபுறப்பைல் மதுசாரத்தால் துடைத்து, பக்கத்தில் ஒரு துளி சுத்தத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவிப் படிந்தால் சுத்தம், முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய்ப்படலம் இருக்கிறது. கடலில் இறங்கும் பாகமானால் துளைச்சுவரில் மெல்லிய எபொக்சி ஒரு பூச்சுக் கட்டாயம்.

சான்ட்விச் தகட்டில் கதை மாறும். உள்ளே போன தண்ணீரைத் தேன்கூட்டிலிருந்து எடுக்க முடியாது. அங்கே காற்றுத்தான். சும்மா கொம்பிரசர்க் காற்றும் ஓரளவு வேலை செய்யும், சுழிக்குழாய் பூட்டினால் நல்லது. 1930களில் பிரெஞ்சுக்காரர் ஜோர்ஜ் ரான்க் கண்ட கருவி அது: அசையும் பாகம் ஒன்றும் இல்லாமல் அமுக்கக் காற்றை ஒரு முனையால் குளிராகவும் மறு முனையால் சூடாகவும் பிரிக்கும். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே வகைத் தலையோடு அதைக் காபன் பைபரில் பரீட்சித்திருக்கிறார்கள். 7 பாரில் 60 வீதக் காற்றைக் குளிர்முனைக்கு விட்டால் ஏறத்தாழ 48 பாகை இறங்கும், 80 வீதம் விட்டால் 28 பாகை. திருகோணமலைக்கு 80 வீதமே பொருத்தம். பட்டறையில் காற்று 38 பாகையில் நுழைந்தால் 10 பாகையில் வெளிவரும், வரும் காற்றின் அளவும் கூடுதல். 60 வீதத்தில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்குப் போகும். டிரையர் இல்லாத காற்றானால் குழாய்க்குள்ளேயே பனிக்கட்டி கட்டி அடைக்கும். குளிர்ந்த தகட்டிலும் எங்கள் கடற்கரை ஈரம் வியர்த்து, தூள் களியாகும். காற்றின் நன்மையே உலர்வு, அதைத் தொலைத்துவிட்டு என்ன பயன்? நிமிடத்துக்கு 425 லீற்றர் கேட்கும் சிறிய சுழிக்குழாய்க்கே 5 குதிரைவலுக் கொம்பிரசர் வேண்டும். பெயின்ற் அடிக்கும் 2 குதிரைவலு மெசின் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

காற்றோடு போனால் தூள் பறக்கும், அதுவும் மின்கடத்தும் தூள். மெசினின் மின்பெட்டிக்குள் போனால் சேர்க்கிட்டு இணைபடும், நெஞ்சுக்குள் போனால் சொல்லத் தேவையில்லை. பிட்டைச் சுற்றிய உறைவாயோடு நுண்தூசி பிடிக்கும் ஹெப்பா வடியுள்ள உறிஞ்சி, மின்பெட்டிக் கதவுக்கு இறப்பர் சீல், ஆளுக்கு நுண்தூசி தடுக்கும் எப்.எப்.பி.3 முகமூடி. இந்த மூன்றும் இல்லாமல் உலர்வேலை செய்யக்கூடாது. சுழற்சியையும் ஊட்டத்தையும் தண்ணீர் வேலையின் பாதியளவில் வையுங்கள். ஐந்தாறு துளைக்கு ஒருமுறை 220 தர அலுமினாச் சாணைக்கட்டியை நனைத்து அதில் இரண்டு மூன்று துளை போட்டால் வைரம் மறுபடி திறக்கும்.

மண்ணெண்ணெய் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு எண் போதும்: அதன் தீப்பற்று வெப்பநிலை (ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை) 38 பாகையளவில் தொடங்குகிறது, கச்சான் நாளில் பட்டறைக்குள் அதே வெப்பம் இருக்கும். கழியொலி முனை எந்தத் திரவத்தையும் பனிப்புகையாக்கித் தள்ளும். மண்ணெண்ணெய்ப் பனிப்புகை, மின்கடத்தும் தூள், பக்கத்தில் மோட்டர். அதற்குமேல் எழுதவேண்டியதில்லை. தளர்ந்த சிலிக்கன் காபைட்டுத் தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றும் பழைய கழியொலி முறை கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் உரியது. இங்கே துகள் அடுக்குகளுக்குள் சிக்கும், வைரப் பிட்டும் வீணாகத் தேயும். திரவ நைதரசன் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. பிசின் விறைத்து நொறுங்கலாக வெட்டுப்படும் என்பது உண்மை, ஆனால் உதைப்பு ஏறும், தலையின் பரிவும் குளிரோடு நகரும். பட்டறைக்கு அது எட்டாத பழம்.

படிவுப் பெட்டியின் கறுப்புச் சேற்றை வாய்க்காலில் ஊற்றவேண்டாம், உப்புவெளியில் வாய்க்கால் முடிவது கடலில்தான். மேல்தண்ணீரைத் திரும்பத் தாங்கிக்கு எடுத்துவிட்டு, சேற்றைத் துணிப்பையில் வடியக் கட்டித் தொங்கவிட்டு, ஈரம் முழுதாகப் போகுமுன்னே மூடியுள்ள வாளியில் அடையுங்கள். முற்றாகக் காயவிட்டால், தண்ணீரால் அடக்கிவைத்திருந்த அதே தூள் மறுபடி காற்றில் ஏறிவிடும்.